தந்திக்காரர் வாத்தியாரான கதை

1882 மே 22. கொரியாவின் மேற்குக் கரையில், இன்று இஞ்சியோன் என்று அழைக்கப்படும் துறைமுகத்தில், அமெரிக்காவும் கொரியாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. மேலை நாடு ஒன்றோடு கொரியா செய்துகொண்ட முதல் உடன்படிக்கை அது. ஆங்கிலத்தில் ஒரு பிரதி, சீனத்தில் ஒரு பிரதி. கொரிய அதிகாரிகள் சீனப் பிரதியைப் படித்தார்கள். ஆங்கிலப் பிரதியும் அதையேதான் சொல்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவர்கள் தரப்பில் ஆளில்லை. நடுவில் நின்று பேசி முடித்தவர் மா ஜியென்ஜோங் என்ற சீன அதிகாரி. நம் வீட்டுப் பத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துக் காட்ட, அவரை நம்பிக் கைநாட்டு வைப்பதுபோலத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வீட்டின் மேலேயே ஒரு கண் இருந்தது என்பது வேறு விஷயம்.

இந்தச் சங்கடத்தில்தான் கொரியாவில் ஆங்கில வகுப்பு பிறந்தது. இன்றைக்கு லீட்ஸிலோ கார்டிஃபிலோ பட்டம் வாங்கிய 22 வயதுப் பிள்ளை ஒன்று சியோலுக்கு விமானம் ஏறி, மறு வாரமே மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் முன்னால் சாக்பீஸோடு நிற்கிறது. அந்தப் பிள்ளை வகிக்கிற பதவிக்குக் கொரிய மொழியில் ஒரு பெயர் உண்டு: வொனொமின். 'வொன்' என்றால் மூலம், 'ஒ' என்றால் மொழி, 'மின்' என்றால் மக்கள். மூலமொழிக்காரர் என்று சொல்லலாம். ஆங்கிலத்தைப் படித்துத் தெரிந்துகொண்டவர் இந்தக் கணக்கில் வரமாட்டார், அதிலேயே பிறந்தவர்தான் வருவார். இந்தப் பதவி எப்படி முளைத்தது என்று பின்னோக்கிப் போனால், பொடி வைத்துச் சொன்னதுபோல ஒரு தொடக்கம் கிடைக்கிறது.

உடன்படிக்கை ஆன அதே ஆண்டின் கடைசியில் பால் கியோர்க் ஃபோன் மொல்லென்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் சியோலுக்கு வந்து சேர்ந்தார். சீனாவின் பெரிய மனிதர் லி ஹோங்ஜாங் சிபாரிசு செய்து அனுப்பியவர். வந்தவர் கொரிய உடை போட்டுக்கொண்டார், மோக் இன்டோக் என்று கொரியப் பெயரும் வைத்துக்கொண்டார். சுங்கத்துறையை அமைப்பது அவர் வேலை. சுங்கம் என்றால் கப்பல்காரனோடு பேச வேண்டும், கப்பல்காரன் பேசுவது ஆங்கிலம். ஆகவே 1883இல் அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்பாளர்களைத் தயாரிக்க ஒரு பள்ளி தொடங்கினார். பெயர் தோங்முன்ஹாக்.

ஜெர்மானியர் தொடங்கிய அந்தப் பள்ளியில் முதலில் பாடம் சொன்னவர்கள் சீனர்கள். சிறுவயதில் சீன அரசு அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைத்த கூட்டத்தில் இருவர். அவர்களில் ஒருவர் தாங் ஷாவோயி. 1912இல் சீனக் குடியரசின் முதல் பிரதமர் ஆனாரே, அவரேதான். கொரியாவின் முதல் ஆங்கில வகுப்பை நடத்தியவர்கள் ஆங்கிலத்தை வேற்று மொழியாகக் கற்றவர்கள் என்பதை இங்கே ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வோம். பிற்பாடு தேவைப்படும்.

சீனர்களுக்குப் பிறகு, அதே 1883இல், தாமஸ் எட்வர்ட் ஹாலிஃபாக்ஸ் வந்தார். ஆங்கிலேயர். தொழிலால் வாத்தியார் இல்லை, தந்தித் தொழில்நுட்பம் தெரிந்தவர். கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, மின்கலம் வைப்பது அவருடைய உலகம். அவரை வகுப்பில் நிறுத்தியதற்குக் காரணம் எளிது. ஆங்கிலம் பேசுகிறவர், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், வேலைக்கு வரச் சம்மதிக்கிறார். இந்த மூன்று தகுதிகளும் 140 ஆண்டு கழித்து இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பட்டம் என்று ஒரு காகிதம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹாலிஃபாக்ஸின் பெயரைக் கொரியர்கள் சீன எழுத்துகளில் 'ஹேரேபேக்சா' என்று எழுதிக்கொண்டார்கள். 'ஃப' என்ற ஒலி கொரிய மொழியில் கிடையாது. நமக்கும் அதே நிலைமைதான். நாம் 'காப்பி' என்கிறோம், அவர்கள் 'கொப்பி' என்கிறார்கள், இரண்டு வீட்டிலும் அந்த 'ஃப'வை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆண்டு 140 ஆகியும் பிரிட்டிஷ் வாத்தியார் சியோல் வகுப்பறையில் கீழுதட்டைப் பல்லால் கடித்துக் காட்டி 'ஃப, ஃப' என்று ஊதிக்கொண்டிருப்பதன் மூலம் இங்கே இருக்கிறது.

சுமார் 40 மாணவர்கள், காலை ஒரு பிரிவு, பிற்பகல் ஒரு பிரிவு. அவர்களில் தேறி வந்தவர் நாம்குங் ஒக். அரசருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனார், பிறகு 1898இல் ஹ்வாங்சோங் ஷின்முன் என்ற செய்தித்தாளைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் கொரியாவின் தேசிய மலரான செம்பருத்தி வகைச் செடியை நாற்றுவிட்டு ஊருக்கெல்லாம் பரப்பியதற்காகக் கைதானவர். கப்பல்காரனோடு சுங்கம் பேசத் தயாரித்த பையன் நாட்டுப்பற்றை நாற்றங்காலில் வளர்த்த கதை தனியாக எழுத வேண்டியது.

தோங்முன்ஹாக் மூன்றே ஆண்டுதான் நடந்தது. 1886இல் அதை மூடிவிட்டு, மன்னர் கோஜோங் இன்னும் பெரிதாக யுக்யோங் கோங்வோன் என்ற அரசுப் பள்ளியைத் திறந்தார். இதற்கு வாத்தியார்கள் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள்: ஹோமர் ஹல்பர்ட், ஜார்ஜ் கில்மோர், டெல்சல் பங்கர். மூவரும் நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் படித்தவர்கள். 1884 டிசம்பரில் அரண்மனையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி ஒன்று நடந்து நாடே கலங்கியதால் அவர்கள் பயணம் இரண்டு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. அரண்மனைக் கலகம் முடிந்து வாத்தியார் வரட்டும் என்று ஆங்கிலம் காத்திருந்தது.

இந்தப் பள்ளியில் படித்தவர்கள் யாங்பான் என்னும் மேட்டுக்குடிப் பிள்ளைகளும் இளம் அதிகாரிகளும். புத்தகம் சுமக்க ஒரு வேலைக்காரன் கூட வருவான். நடப்பது, சுமப்பது, வியர்ப்பது எல்லாம் கௌரவக் குறைவு என்று நினைத்த வர்க்கம். வாய் திறந்து உரக்கச் சொல்லிப் பழகாமல் ஒரு மொழி எப்படி வரும்? உத்தியோகம் கிடைத்ததும் பாதியில் நின்றுபோனவர்களே அதிகம். 1910இல் நாட்டை ஜப்பானுக்குத் தாரைவார்த்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமர் யி வான்யோங் இந்தப் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். 1894இல் இதுவும் மூடப்பட்டது.

ஹல்பர்ட்டை மட்டும் அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த அமெரிக்க ஆங்கில வாத்தியார் கொரிய எழுத்தின் மேல் காதல் கொண்டார், முழுக்கக் கொரிய எழுத்திலேயே ஓர் உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். பிறகு 1905இல் அவர் கொண்டுவந்த நூல் கொரிய மொழியின் இலக்கணத்தையும் இந்தியாவின் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டது. சியோலில் உட்கார்ந்துகொண்டு தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் கொரியத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கால்டுவெல் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு செய்த வேலை சியோலில் அவருக்குக் கைகொடுத்தது. வினை கடைசியில் வருவது, சொல்லின் வாலில் ஒட்டு ஒட்டாக உருபு சேர்வது என்று பல ஒற்றுமைகளைக் காட்டினார். அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா' என்று அங்கே சொல்வதைக் கொரியத் தொடர்களில் கேட்டுவிட்டு நம் வீடுகளில் வியக்கிறார்களே, அந்த வியப்பின் கொள்ளுத்தாத்தா ஹல்பர்ட். இன்றைய மொழியியலாளர்கள் இவ்விரு மொழிகளும் ஒரே குடும்பம் என்பதை ஏற்பதில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் ஒரு மனிதர் தமிழ் இலக்கணத்துக்கு வந்து சேர்ந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது, முடிவு தவறாகவே இருக்கட்டும்.

இதற்கிடையில் ஹாலிஃபாக்ஸ் தன் சொந்தத் தொழிலுக்குத் திரும்பியிருந்தார். சியோலிலிருந்து தெற்கே பூசான் வரை இழுத்த தந்திக் கம்பியில் அவர் வேலை பார்த்தார். 1888இல் அந்தக் கம்பி முடிந்தது. மலையும் வயலும் தாண்டி நாட்டின் குறுக்கே ஒரு செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடும்படி செய்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு மறுபடியும் வகுப்புக்கு வந்தார். 1894இல் தொடங்கிய சீர்திருத்தங்களின்போது அரசு மொழிப் பள்ளிகள் திரும்பவும் திறக்கப்பட்டன. பிரெஞ்சுப் பள்ளிக்குப் பிரெஞ்சுக்காரர், ரஷ்யப் பள்ளிக்கு ரஷ்யர், ஆங்கிலப் பள்ளிக்கு ஹட்சிசன் என்ற ஆங்கிலேயர், அவருக்குத் துணையாக நம் ஹாலிஃபாக்ஸ். அந்தந்த மொழிக்கு அந்தந்த நாட்டுக்காரர் என்ற ஏற்பாடு அப்போது படிந்ததுதான்.

இந்தப் பள்ளி பழைய பள்ளிபோல இல்லை. மாணவர்களுக்குச் சீருடை வந்தது. பிரிட்டிஷ் தூதரகக் காவலில் இருந்த கடற்படை வீரர் வந்து அணிவகுப்புப் பழக்கினார். 1896 மே 2ஆம் தேதி ஆங்கிலப் பள்ளிப் பையன்கள் சியோல் கிழக்குச் சிறுவாசலுக்கு வெளியே ஒரு வெளியில் ஓட்டமும் தாண்டலும் குண்டெறிதலும் நடத்தினார்கள். கொரியாவின் முதல் நவீன விளையாட்டு விழா என்று அதைச் சொல்கிறார்கள். விழாவுக்கு வைத்த பெயர் 'ஹ்வார்யூஹ்வே', மலர் பார்க்கப் போகும் உல்லாசம் என்று பொருள். ஓடுவது கௌரவக் குறைவு என்று நினைத்த ஊரில் ஓட்டப் பந்தயத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தாக வேண்டும்போல. அந்த ஆண்டுகளில் கொரியாவைச் சுற்றிப் பார்த்த ஆங்கிலப் பயணி இசபெல்லா பேர்ட், அந்த மாணவர்களின் கால்பந்துப் பைத்தியத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் எங்கே போனாலும் முதலில் இலக்கணம் கொடுப்பதுபோல் இருக்கும், ஊரில் நின்று நிலைப்பது பந்து.

ஹாலிஃபாக்ஸ் ஊர் திரும்பவில்லை. 1908இல் சியோலில் காலமானார். ஹான் ஆற்றங்கரையில் யாங்ஹ்வாஜின் வெளிநாட்டார் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். ஹல்பர்ட்டும் அங்கேதான் இருக்கிறார். 1949இல், 86 வயதில், கொரிய அரசின் அழைப்பின் பேரில் வந்து இறங்கி ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

அப்புறம் நீண்ட இருட்டு. 1910இல் நாடு ஜப்பானிடம் போனது, அடுத்த ஆண்டே அரசு மொழிப் பள்ளி மூடப்பட்டது. ஆங்கிலம் பாடத்திட்டத்தில் இருந்தது, ஆனால் வாயில் இல்லை. வாக்கியத்தைப் பிரித்து, எண் போட்டு, ஜப்பானியத்தில் திருப்பி எழுதும் கலை அது. 1945 செப்டம்பரில் அமெரிக்கப் படை வந்ததும் நிலைமை ஒரே நாளில் தலைகீழானது. தளபதி மெக்கார்தரின் முதல் அறிவிக்கை, படை ஆட்சி நீடிக்கும்வரை எல்லாக் காரியத்துக்கும் ஆங்கிலமே அதிகாரபூர்வ மொழி என்றது. ஆங்கிலம் தெரிந்தவர் கையில் அரசாங்கம். 'மொழிபெயர்ப்பாளர் ஆட்சி' என்று ஜனங்கள் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்கள் பிள்ளைகளை ஆங்கிலம் படிக்க அனுப்பினார்கள்.

1966இலிருந்து 1981 வரை அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் கொரியப் பள்ளிகளில் வந்து கற்பித்தார்கள். அவர்களில் 1975இல் வந்து யேசான் என்ற சிற்றூரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஓர் இளம் பெண், கேத்லீன் ஸ்டீவன்ஸ், 2008இல் அமெரிக்கத் தூதராகத் திரும்பி வந்தார். பிரிட்டிஷ் கவுன்சில் 1973இல் சியோலில் கடை விரித்தது. ஆனாலும் சாதாரணக் கொரியக் குழந்தை ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை நேரில் பார்ப்பது அபூர்வமாகவே இருந்தது.

மடை திறந்தது 1990களில். 1988 ஒலிம்பிக்ஸ் முடிந்திருந்தது. 1989இல் சாதாரண மக்கள் தடையின்றி வெளிநாடு போகலாம் என்றானது. 1994இல் அதிபர் கிம் யங்-சாம் 'செகெஹ்வா', அதாவது உலகமயம், என்று முழங்கினார். அடுத்த ஆண்டு அரசுப் பள்ளிகளுக்கு மூலமொழிக்காரர்களைக் கொண்டுவரும் எபிக் என்ற திட்டம் பிறந்தது. 1997இலிருந்து மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமானது. மூன்றாம் வகுப்பில் பள்ளி தொடங்குகிறது என்றால் ஒன்றாம் வகுப்பிலேயே நாம் தொடங்கிவிட வேண்டும் என்று தாய்மார்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவை நிறைவேற்றி வைக்கும் கடைகளுக்கு 'ஹக்வொன்' என்று பெயர். தனிப்பயிற்சி நிலையம். நம்மூர் ட்யூஷன் சென்டரின் அண்ணன், பல மாடி அண்ணன். ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் கணிதம், நாலாம் மாடியில் பியானோ, ஐந்தாம் மாடியில் ஆங்கிலம். இரவு பத்து மணிக்குள் மூட வேண்டும் என்று சியோலில் விதி போட வேண்டி வந்தது. விதி போட்டால்தான் பிள்ளைகள் தூங்கப் போவார்கள் என்ற அளவுக்கு.

இவ்வளவும் எதற்கு? நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நடக்கும் 'சுநுங்' என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு. அன்று ஆங்கிலம் கேட்டுப் பதில் எழுதும் பகுதி நடக்கும் சுமார் 35 நிமிடம் நாடு முழுக்க விமானம் ஏறாது, இறங்காது. வானத்தில் வந்துவிட்டவை சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு மொழிக்காக வானத்தை நிறுத்தி வைக்கிற நாடு உலகில் வேறு எங்கே இருக்கிறது? 2003இல் கொரிய மனித உரிமை ஆணையம் எடுக்கவைத்த குறும்படத் தொகுப்பில் பார்க் ஜின்-பியோ இயக்கிய படம் ஒன்று உண்டு. ஆங்கில 'ர' சரியாக வரவேண்டும் என்று குழந்தையின் நாக்கின் அடியில் அறுவை செய்யும் காட்சி அதில் வருகிறது. பார்ப்பது கஷ்டம். அப்படிச் செய்துகொண்ட குடும்பங்கள் அந்நாளில் செய்தியில் அடிபட்டன.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் பிரிட்டனிலிருந்து பிள்ளைகள் கிளம்பிப் போகிறார்கள். வரலாறோ, கடல் உயிரியலோ, நாடகமோ எதில் பட்டம் வாங்கியிருந்தாலும் சரி. ஈ-2 என்ற விசாவுக்கு வேண்டியது ஒரு பட்டம், ஒரு போலீஸ் சான்று, ஒரு கடவுச்சீட்டு. பட்டச் சான்றிதழை வக்கீலிடம் கொடுத்து மெய்ப்பித்து, மில்ட்டன் கீன்ஸில் உள்ள வெளியுறவு அலுவலகத்துக்கு அனுப்பினால் பின்னால் ஒரு முத்திரைத் தாள் ஒட்டித் தருவார்கள். தருகிற வேலையோ ஓராண்டு ஒப்பந்தம், ஓர் அறை வீடு இலவசம், விமானக் கட்டணம், ஆண்டு முடிந்தால் ஒரு மாதச் சம்பளம் போனஸ். லண்டனில் வாடகை கொடுத்துப் பார்த்தவனுக்கு அந்த 'வீடு இலவசம்' என்ற இரண்டு சொல் போதும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வேலை கிடைக்காத பட்டதாரிகளுக்கு அது கைகொடுத்தது.

போய்ச் சேர்ந்த பிறகுதான் தங்கள் ஆங்கிலமே கொஞ்சம் ரிப்பேரானது என்று அவர்களுக்குத் தெரியவரும். கொரியா படிப்பது அமெரிக்க ஆங்கிலம். பாடநூலின் ஒலிப்பதிவில் பேசுவது அமெரிக்கக் குரல். எழுத்துப் பாட்டின் கடைசி எழுத்தை 'ஸெட்' என்று சொன்னால் பாட்டின் எதுகை உடைந்துபோகும், ஆகவே 'ஸீ' என்று பாடியாக வேண்டும். வண்ணம் என்ற சொல்லில் தாங்கள் பிறந்ததிலிருந்து எழுதிவந்த ஓர் எழுத்தைக் குழந்தைகள் பிழை என்று சுட்டிக்காட்டும். மொழியின் பெயரே தங்கள் நாட்டின் பெயராக இருக்க, அதைத் தங்களுக்கே திருத்திச் சொல்லும் எட்டு வயதுக் குழந்தையை என்ன செய்வது? கட்டடத்தில் முதல் மாடி என்று சொன்னால் அங்கே அது தரைத்தளம், பிரிட்டிஷ்காரர் ஒரு மாடி கூடுதலாக ஏறிப் போய் முழிப்பார். ஓய்வூதியப் பிடித்தம் இன்னொரு மனக்குறை. நாடு திரும்பும்போது அமெரிக்கர், கனடாக்காரர், ஆஸ்திரேலியர் பிடித்த பணத்தை மொத்தமாகத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிரிட்டிஷ்காரருக்கு அது கிடையாது. இரு நாட்டு ஒப்பந்தம் அப்படி. பக்கத்து இருக்கைக் கனடாக்காரர் அந்தப் பணத்தில் தாய்லாந்துக் கடற்கரை போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

உச்சரிப்பு விஷயத்தில் பெரிய இடத்துக் கூத்து ஒன்றும் உண்டு. 2008 ஜனவரியில், புதிய அதிபர் பதவியேற்கும் முன், ஆட்சி மாற்றக் குழுவின் தலைவி ஒரு கூட்டத்தில் வருத்தப்பட்டார்: தான் அமெரிக்காவில் 'ஒரென்ஜி' கேட்டபோது கடைக்காரருக்குப் புரியவில்லை, 'ஒரின்ஜி' என்றதும்தான் புரிந்தது, ஆகவே வெளிநாட்டுச் சொற்களை எழுதும் முறையையே மாற்ற வேண்டும். நாடு சிரித்தது. அந்தப் பழத்தின் பெயரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நாரத்தை, நாரங்காய் என்று தென்னாட்டில் புறப்பட்ட சொல் சமஸ்கிருதம், பாரசீகம், அரபி, ஸ்பானியம் வழியாக ஊர் ஊராகத் தங்கி, முன்னால் இருந்த 'ந'வை எங்கோ தொலைத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனது என்று சொல்லாய்வாளர்கள் சொல்கிறார்கள். மூலமொழிக்காரர்தான் சரியாக உச்சரிப்பார் என்றால், அந்த ஒரு சொல்லுக்காவது மதுரைக்காரரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

கூப்பிட முடியாது. இங்கேதான் முதலில் போட்ட முடிச்சு. ஈ-2 விசாவுக்கு மூலமொழிக்காரர் என்றால் ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்: பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. சிங்கப்பூரில் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்து கனவு காண்பவர் இந்த ஏழில் இல்லை. மணிலாவில் முப்பது ஆண்டு ஆங்கிலம் நடத்திய ஆசிரியை இல்லை. பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து வருபவரும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருபவரும் ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்ததாகக் காகிதம் காட்டினால் எபிக்கில் இடம் உண்டு. அமெரிக்காவில் படித்து வந்து தோங்முன்ஹாக்கில் முதல் வகுப்பெடுத்த தாங் ஷாவோயி இன்று வந்தால் விமான நிலையத்திலிருந்தே திரும்பிப் போக வேண்டும். தந்திக்காரர் ஹாலிஃபாக்ஸை யாரும் தடுக்கமாட்டார்கள், ஒரு பட்டம் மட்டும் இருந்துவிட்டால்.

கடவுச்சீட்டு சரியாக இருந்தாலும் போதாது என்பதுண்டு. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கும் ஹக்வொன்கள் இருக்கின்றன. படத்தைக் கேட்பது எதற்கென்று பர்மிங்ஹாமில் பிறந்த பஞ்சாபிப் பெண்ணுக்கோ லண்டனில் பிறந்த நைஜீரியக் குடும்பத்துப் பையனுக்கோ விளக்க வேண்டியதில்லை. 2014இல் ஓர் ஐரிஷ் ஆசிரியைக்கு, அயர்லாந்துக்காரர்கள் குடிகாரர்கள் என்ற காரணம் சொல்லியே வேலை மறுக்கப்பட்டது உலகச் செய்தியானது. அதற்கு முன்பே, 2007இல், கொரியாவில் வேலை பார்த்திருந்த ஒரு வெளிநாட்டு வாத்தியார் தாய்லாந்தில் குழந்தை வன்கொடுமை வழக்கில் பிடிபட்டதும், எல்லா ஈ-2 வாத்தியார்களுக்கும் போதை மருந்துச் சோதனையோடு எச்.ஐ.வி. சோதனையும் கட்டாயமானது. அந்தக் குற்றத்துக்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் நிதானித்துக் கேட்கவில்லை. ஒரு நியூசிலாந்து ஆசிரியை சோதனையை மறுபடி செய்துகொள்ள மாட்டேன் என்று வேலையை இழந்து ஐ.நா. வரை போனார். 2015இல் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2017இல்தான் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. தலையில் தூக்கி வைத்துக்கொண்ட அதே கை சந்தேகத்தோடு ரத்தமும் எடுத்தது. மூலமொழிக்காரர் என்ற பதவியின் இரண்டு பக்கமும் அதுதான்.

ஏழு நாட்டு வேலியில் ஒரு திட்டிவாசல் 2010இல் திறந்தது. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. கார், எஃகு, ஜவுளி என்று வரிப் பட்டியல்களுக்கு நடுவே ஒரு வரி: இந்திய ஆங்கில ஆசிரியர்கள் துணை ஆசிரியர்களாக வரலாம். ஆனால் ஒரு நிபந்தனை. இந்தியருக்கு ஆங்கிலம் சார்ந்த பட்டமும் வேண்டும், ஆசிரியர் பயிற்சிச் சான்றும் வேண்டும். கடல் உயிரியல் படித்த பிரிஸ்டல்காரருக்கு இரண்டும் வேண்டாம்.

அதே 2010 டிசம்பரில், தேகு நகரத்தில் 21 தொடக்கப் பள்ளிகளுக்கு 29 இயந்திர வாத்தியார்கள் வந்து சேர்ந்தன. பெயர் எங்கீ. கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் செய்தவை. ஒரு மீட்டர் உயரம், முட்டை வடிவம், சக்கரத்தில் வகுப்பைச் சுற்றி வந்து குழந்தைகளோடு பேசும், பாடும், இசைக்கு ஆடும். மூலமொழிக்காரரைக் கொண்டுவந்து வீடு கொடுத்துச் சம்பளம் கொடுப்பதைவிடச் செலவு குறைவு என்றார்கள். எங்கீயின் உள்ளே தானாகப் பேசும் மூளை இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், பிலிப்பைன்ஸில், ஓர் ஆசிரியை ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு கேமராவின் முன் உட்கார்ந்திருப்பார். வகுப்பில் நடப்பதைப் பார்த்தபடி அவர் கேட்பார், திருத்துவார், பாராட்டுவார். அவர் குரல் கம்பி வழியே கடல் தாண்டி வந்து தேகுவில் ஒலிக்கும். அவர் முகம் அசைவதற்கேற்ப எங்கீயின் தலையில் உள்ள திரையிலும் ஒரு முகம் அசையும்.

திரையில் தெரிந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்.